தேடினால் வராத கோமதி

என் வேலையில் பெரும்பகுதி, நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தேடுவது. எங்கள் தொழிலில் இதை ‘ரிக்ரஷன்’ என்போம். புதிதாகச் சேர்த்த வசதியில் பிழை வந்தால் பெரிய சேதம் இல்லை. அதை நம்பி இன்னும் யாரும் வேலை தொடங்கியிருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டால் அப்படியில்லை. அதை நம்பிக் காலையில் கவுன்ட்டரைத் திறந்தவர் தவிப்பார். அவர் எதிரில் வரிசை நிற்கும்.

இந்த வகைப் பிழைகளில் என்னை அதிகம் அலைக்கழித்தவை ‘ஒர்க்அரவுண்ட்’ பேட்ச்களால் வந்தவை. வேறு யாரோ எழுதிய நிரல் நூலகத்தில் ஒரு குறை இருக்கும். அதைத் திருத்தும் உரிமையோ நேரமோ நமக்கு இருக்காது. வாடிக்கையாளரோ காத்திருக்க மாட்டார். எனவே அந்தக் குறையைச் சுற்றிக்கொண்டு போக நம் நிரலில் நாலு வரி எழுதுவோம். எழுதிய அன்று எல்லோருக்கும் நிம்மதி. அந்த நாலு வரிக்கு வேறெங்கோ ஒரு பக்கவிளைவு இருந்தால், அது தெரியவரப் பல மாதம் ஆகலாம். தெரிந்த பிறகும் இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

கோவையில் எங்கள் சிறிய குழு, சுற்றுவட்டாரத்தில் சில கூட்டுறவுச் சங்கங்களுக்கு உறுப்பினர் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரித்து வந்தது. நிரல் ஜாவாவில், தரவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். உறுப்பினர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர் எல்லாமே தமிழில்தான் பதிவாகும். வருபவர்களில் பலர் பாஸ்புக்கை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். உறுப்பினர் எண் நினைவில் இருக்காது. பெயரைச் சொல்வார்கள், எழுத்தர் தட்டச்சு செய்து தேடுவார். அந்தத் தேடல்தான் கவுன்ட்டரின் உயிர்.

ஒரு நாள் ஒரு சங்கத்தின் பெண் எழுத்தர் தொலைபேசியில் சொன்னார்: “ஏனுங்க சார், கோமதிங்கற பேரு லிஸ்ட்டுல இருக்குதுங்க, கண்ணுக்குத் தெரியுதுங்க. டைப் பண்ணித் தேடுனா மட்டும் வரமாட்டேங்குதுங்க.”

எழுத்துப் பிழையோ, பெயருக்குப் பின்னால் ஒட்டிய வெற்றிடமோ என்பதுதான் இப்படிப்பட்ட புகாரில் முதல் சந்தேகம். பட்டியலில் தெரியும் பெயரை அப்படியே நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். வந்தது. அதே பெயரை அவரே தட்டச்சு செய்தால் வரவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கோமதிகள் கணினிக்கு வேறு வேறு என்பது அப்போதே உறுதியாயிற்று. எப்படி வேறு, எப்போதிலிருந்து வேறு என்பதுதான் தெரியவில்லை.

வராத பெயர்களையெல்லாம் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். கோமதி, பொன்னம்மாள், லோகநாதன், சௌந்தரம், யசோதா. தடையின்றி வருபவை: மீனாட்சி, வேலுச்சாமி, கெம்பம்மாள், தேவராஜ். பலகையில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வராத பெயர் ஒவ்வொன்றிலும் எழுத்தின் இரு பக்கமும் குறி வரும் உயிர்மெய் ஒன்று இருந்தது: கொ, கோ, கௌ வரிசை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு மட்டும் உள்ள பெயர்களுக்குச் சிக்கல் இல்லை.

தரவுத்தளத்தில் பெயரின் நீளத்தைக் கேட்டேன். எழுத்தர் தட்டச்சு செய்யும் ‘கோமதி’யின் நீளம் 5. சேமிப்பில் இருந்த ‘கோமதி’யின் நீளம் 6. பைட் கணக்கில் 15-ம் 18-ம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்.

யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ‘ோ’ என்பதற்குத் தனி இடம் உண்டு, பதின்ம எண்ணில் 3019. அதையே இரட்டைக் கொம்பு (3015), கால் (3006) என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒகாரமும் அப்படியே. ஔகாரத்துக்கு ஒற்றைக் கொம்பும் 3031 என்ற நீட்டல் குறியும். இரண்டும் ஒன்றேதான் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. திரையில் வரையும்போது வித்தியாசம் தெரியாது. ஆனால் போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் இரண்டு சொற்கள் சமமா என்று பார்க்கும்போது பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். ஒரே பெயரின் இரு வடிவங்களை அது இரண்டு ஆட்களாகவே பார்க்கும்.

ஆகவே யாரோ எங்கோ ஓகாரத்தைப் பிளக்கிறார்கள். யார்? இங்கே மூன்று குழப்பங்கள் வழிமறித்தன. ஒன்று, எல்லாக் கோவிந்தனும் காணாமல் போகவில்லை, சிலர் வந்தார்கள். இரண்டு, இன்னொரு சங்கத்திலிருந்து ஒரு புகாரும் இல்லை. விசாரித்தால், அங்கிருந்த எழுத்தர் பழைய தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் கொம்பு, எழுத்து, கால் என்று அடிப்பவர். அவர் பயன்படுத்திய உள்ளீட்டு மென்பொருளும் ஓகாரத்தைப் பிளந்த வடிவத்திலேயே தந்தது. அங்கே தேடுவதும் பிளந்தது, சேமித்திருப்பதும் பிளந்தது, எனவே பொருந்திவிட்டது. மூன்றாவது குழப்பம்தான் கடைசியில் வழிகாட்டியது. முதலில் அழைத்த எழுத்தரே மறுபடி பேசினார்: “காலையில நானே அந்தம்மா பேரை அழிச்சுட்டு மறுபடி டைப் பண்ணி வெச்சனுங்க. அப்ப வந்துச்சு. அந்தம்மா பணம் கட்டிட்டுப் போன பொறகு மறுபடி காணாமப் போயிருச்சுங்க.”

பிழை தேடுகிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைப்பது பெரும் கொடை. அந்த எழுத்தருக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் எதற்கு முன், எதற்குப் பின் என்று கவனித்து வைத்திருந்தார். பயனாளர் சொல்வதை ‘தெரியாமல் சொல்கிறார்’ என்று ஒதுக்குவதை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடிவதில்லை. இந்தக் கதையில் பாதி வேலையை முடித்துக் கொடுத்தவர் அவர்.

பணம் கட்டினால் கெடுகிறது என்றால், அந்தப் பாதையில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். இதற்கு எங்களிடம் ‘கிட் பைசெக்ட்’ என்ற நல்ல கருவி இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதத் தொடங்கிய கிட், நிரலில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக வைத்திருக்கும். நன்றாக இருந்த ஒரு நாளையும் கெட்டுப்போன ஒரு நாளையும் சொன்னால், நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். அங்கே நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியின் நடுவுக்குப் போகும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்படும்.

கருவி நல்லதுதான், ஆனால் அதற்குக் கொடுக்கும் சோதனை சரியாக இருந்தால்தான் விடை சரியாக வரும். இங்கே கெட்டது நிரல் மட்டும் இல்லை, தரவும் சேர்ந்து கெட்டிருந்தது. கெட்ட தரவோடு பழைய நிரலை ஓட்டினால் அதிலும் தேடல் தோற்கும்; எல்லா மாற்றமும் கெட்டதென்று காட்டும். சுத்தமான தரவில், பணம் கட்டாமல் தேடினால் எல்லா மாற்றமும் நல்லதென்று காட்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் பழைய காப்புப் பிரதியிலிருந்து தரவுத்தளத்தைப் புதிதாக மீட்டு, ஒரு கோமதியைச் சேர்த்து, அவர் பெயரில் பணம் வரவு வைத்து, ரசீது எடுத்து, பிறகு தேடும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். அந்தச் சோதனையை வடிவமைக்க ஆன நேரத்தோடு ஒப்பிட்டால் பைசெக்ட் ஓடிய நேரம் ஒன்றுமே இல்லை. ரிக்ரஷன் வேட்டையில் எப்போதும் இப்படித்தான். பிழையை விருப்பப்படி மறுபடி வரவழைக்கும் செய்முறை கையில் கிடைத்துவிட்டால் மீதி கணக்கு வேலை.

பைசெக்ட் ஒரு பேட்சைக் காட்டியது. குழுவில் யாரும் நம்பவில்லை. அது ரசீது அச்சிடும் பகுதியில் செய்த மாற்றம். தேடலைத் தொடவில்லை, சேமிப்பைத் தொடவில்லை, தரவுத்தளக் கட்டளை ஒன்றுகூட அதில் இல்லை. “இது அச்சுக்கு மட்டும் உள்ளது, இதனால் தேடல் எப்படிக் கெடும்?” என்ற கேள்வி நியாயமானதுதான். வாதம் பண்ணுவதைவிடத் தரவுத்தளத்துக்குப் போகும் எல்லாக் கட்டளைகளையும் பதிவு செய்யச் சொல்லிவிட்டு ஒரு ரசீது அச்சிட்டுப் பார்த்தோம். ரசீது எண்ணைக் கூட்டும் கட்டளை போயிற்று. அதற்கு அடுத்தாற்போல் உறுப்பினர் அட்டவணையில் பெயரை மாற்றும் கட்டளை ஒன்றும் போயிற்று. யாரும் எழுதாத கட்டளை.

அதை எழுதியது ஹைபர்னேட். ஜாவா நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நிற்கும் இந்த அடுக்கு, ஒரு பரிவர்த்தனைக்குள் எடுத்த பதிவுகளில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று முடிவில் தானே பார்த்து, மாறியதைச் சேமித்துவிடும். அதுதான் அதன் வேலை. ஆவணத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறது. ரசீது எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால் ரசீது அச்சிடுவதும் ஒரு பரிவர்த்தனைக்குள் நடந்தது. அதற்குள்ளே பேட்ச் செய்தது இதுதான்: உறுப்பினரின் பெயரை எடுத்து, ஓகாரங்களைப் பிளந்து, பிளந்த பெயரை அதே உறுப்பினர் பதிவில் திரும்ப வைத்து, அச்சுக்கு அனுப்பியது. அச்சு முடிந்ததும் ஹைபர்னேட் அந்த மாற்றத்தையும் கடமையாகச் சேமித்தது.

எல்லாக் குழப்பமும் அதோடு தீர்ந்தது. தேடினால் வந்த கோவிந்தன்கள், பேட்ச் வந்த பிறகு பணம் கட்டாதவர்கள். மாதம் தவறாமல் கட்டியவர்கள்தான் தேடலிலிருந்து மறைந்தார்கள். எனக்கு இன்றும் மனம் பொறுக்காத இடம் இது. பெயர் வரவில்லை என்பதால் எழுத்தர்கள் சிலரைப் புதிய உறுப்பினர்களாகப் பதிந்திருந்தார்கள். அந்தப் புதிய பதிவும் முதல் ரசீதிலேயே பிளந்து மறைந்தது. எனவே சிலருக்கு மூன்றாவது கணக்கும் பிறந்தது. தொடர்ந்து சேமித்த ஒரு பெண்மணியின் பழைய கணக்கில் பல மாதம் வரவே இல்லை என்று காட்டி அவருடைய கடன் விண்ணப்பம் நிலுவையில் கிடந்தது. கட்டிய பணமெல்லாம் அவர் பெயரிலேயே இன்னொரு கணக்கில் இருந்தது.

இனி அந்தப் பேட்ச் ஏன் எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்திய பிடிஎஃப் நூலகத்தின் அந்தப் பதிப்புக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். ெ, ே, ை ஆகிய மூன்றையும் எழுத்துக்கு முன்னால் நகர்த்தி வைக்கத் தெரியும். இரு பக்கக் குறிகளைப் பிரிக்கத் தெரியாது. கோமதியின் ககரத்துக்குப் பின்னால் இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து தனியாக நிற்கும். தன் பெயர் இப்படிச் சிதைந்த ரசீதை எந்த உறுப்பினர் வாங்கிக்கொள்வார்? சங்கங்கள் கோபத்தில் இருந்தன. குழுவில் அப்போது இருந்த ஒருவர், ஓகாரத்தை முன்கூட்டியே பிளந்து கொடுத்தால் கொம்பை நூலகமே நகர்த்திவிடும் என்று கண்டுபிடித்தார். யூனிகோடு விதிப்படி அந்தப் பிளப்பு முற்றிலும் சரி. நூலகத்தின் போக்கை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதிய நல்ல பேட்ச் அது. தவறு ஒரே இடத்தில்: பிளந்த பெயரை நகலில் வைத்திருக்க வேண்டும், மூலத்தில் வைத்துவிட்டார். அவர் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். அழைத்துக் கேட்டதும் தயங்காமல் எல்லாவற்றையும் விளக்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பேட்சைப் படித்து ஒப்புதல் கொடுத்தவர்களும் அச்சு சரியாக வருகிறதா என்றுதான் பார்த்தார்கள், அச்சுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

அறிந்தவர்கள் கூடிச் செய்த இடத்திலும் இப்படி ஒரு பேட்ச் வேறிடத்தைக் கெடுத்திருக்கிறது. 2006-இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பைப் பராமரித்தவர், நினைவகப் பிழை காட்டும் ஒரு கருவியின் எச்சரிக்கைகளை நிறுத்துவதற்காக இரண்டு இடங்களில் ஒரே மாதிரியான வரியை நீக்கினார். ஒரு வரி போனதால் பெரிய நட்டமில்லை. மற்ற வரிதான் ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களை உள்ளே கொண்டுவந்த வாசல். அது மூடியதும், மிஞ்சிய வேறுபாடு நிரலின் செயல்முறை எண் மட்டுமே. அதில் 32,768 வாய்ப்புகள்தான். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. நிரல்கள் எல்லாம் ஓடின; சாவிகள் உருவாயின; எதுவும் நிற்கவில்லை. சத்தமில்லாமல் கெடுவதுதான் இந்த வகைப் பேட்ச்களின் இயல்பு.

காரணம் தெரிந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பேட்சைத் திரும்பப் பெறுவது. சில இடங்களில் அதுதான் சரி. 2019 செப்டம்பரில் லினக்ஸ் 5.3 வெளிவரும் தறுவாயில், வட்டு வாசிப்பைக் குறைத்து வேகம் கூட்டும் நல்ல மாற்றம் ஒன்று எக்ஸ்ட்4 கோப்பு முறையில் சேர்ந்திருந்தது. வட்டு வேலை குறைந்ததால் கணினி தொடங்கும்போது தற்செயல் எண்களுக்குத் தேவையான சலனமும் குறைந்து, சில கணினிகள் தொடங்காமலே நின்றன. மாற்றத்தில் பிழை இல்லை என்று தெரிந்தும் டோர்வால்ட்ஸ் அதை அப்போதைக்குத் திரும்பப் பெற்றார். அதை நம்பி இன்னும் யாரும் இல்லாததால் அவரால் முடிந்தது. எங்கள் பேட்சையோ பல மாதமாக எல்லாச் சங்கங்களும் நம்பியிருந்தன. அதை எடுத்தால் அடுத்த நாளே ரசீதுகள் மறுபடி சிதையும். ஒர்க்அரவுண்டைக் கண்டுபிடித்தவுடன் நீக்கத் துடிக்கும் இளைஞர்களிடம், அது எந்த வலிக்கு மருந்தாக வந்தது என்று முதலில் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பேட்சை வைத்துக்கொண்டோம், இடத்தை மட்டும் மாற்றினோம். பிளக்கும் வேலை பிடிஎஃப் நூலகத்தை அழைக்கும் கடைசி வரிக்குப் பக்கத்தில், நகலின் மேல் மட்டும் நடக்கும்படி செய்தோம். எந்த நூலகம், எந்தப் பதிப்பு, என்ன குறை, எப்போது நீக்கலாம் என்று பக்கத்திலேயே தமிழில் குறிப்பு எழுதினோம். உள்ளே வரும் பெயர், தேட வரும் பெயர் இரண்டையும் ‘என்எஃப்சி’ என்ற யூனிகோடு ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒழுங்கில் தமிழ் ஓகாரம் எப்போதும் சேர்ந்தே இருக்கும். தட்டச்சுப் பொறிப் பழக்கத்தில் அடிக்கும் எழுத்தருக்கும் இதனால் சிக்கல் வராது. பின்னாளில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு இயந்திரத்தைப் பயன்படுத்தும் நூலகத்துக்கு மாறியபோது அந்தப் பிளக்கும் வரிகளை முழுவதும் நீக்கினோம். குறிப்பு இருந்ததால் நீக்கத் துணிந்தோம்.

தரவைச் சரி செய்வதில் பெயர்கள் எளிது. போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பு முதல் யூனிகோடு ஒழுங்குபடுத்தும் செயற்கூறு உள்ளேயே உண்டு. ஒரு கட்டளையில் முடிந்தது. இரட்டைக் கணக்குகள்தான் கடினம். ஒரே ஊரில் ஒரே பெயரில் உண்மையிலேயே இரண்டு பொன்னம்மாள்கள் இருப்பார்கள். இணைப்பதைக் கணினியிடம் விடவில்லை. சந்தேகப் பட்டியலை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தோம். எழுத்தர்கள் பாஸ்புக்கையும் பழைய பேரேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்ட இடத்தில் ஆளையே வரவழைத்துக் கேட்டு இணைத்தார்கள். கடன் விண்ணப்பம் நிலுவையில் கிடந்த பெண்மணியின் கணக்கு முதல் நாளே இணைந்தது.

தோண்டியதில் பேட்சுக்குச் சம்பந்தமில்லாத பழைய சிக்கல்களும் வெளியே வந்தன. ‘சௌந்தரம்’ என்பதில் ஔகாரத்தின் நீட்டல் குறிக்குப் பதில் ளகர எழுத்தையே அடித்திருந்த பதிவுகள் ஏராளம். இரண்டும் பார்வைக்கு ஒன்று. கணினிக்கு 3031 வேறு, 2995 வேறு. என்எஃப்சி இதைத் தீர்க்காது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. ‘வெள்ளையம்மாள்’ என்ற பெயரில் ஒற்றைக் கொம்புக்குப் பிறகு ளகரம் வருவதுதான் சரி. ‘ஸ்ரீ’யும் அப்படியே. ஸகரத்தில் தொடங்கியும் எழுதுவார்கள், 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதுவார்கள். வடிவம் ஒன்று, குறிகள் வேறு. இரண்டும் சமம் என்று யூனிகோடும் சொல்வதில்லை. இவற்றுக்குத் தேடலில் தனி விதிகள் எழுத வேண்டியிருந்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில் எங்கள் தானியங்கிச் சோதனைகள் ஒவ்வொரு நாளும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. காரணத்தைப் பார்த்தபோது, சோதனைத் தரவில் இருந்த உறுப்பினர் எல்லோரும் குமார், ரவி, மீனா வகைப் பெயர்க்காரர்கள். இரு பக்கக் குறி உள்ள பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழில் பெயர் வாங்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் சோதனைப் பட்டியலில் ஒரு பொன்னம்மாள், ஒரு கோமதி, ஒரு சௌந்தரம், ஒரு வெள்ளையம்மாள், ஒரு ஸ்ரீதர் ஆகிய ஐவரையும் இன்றே சேர்த்துவிடுங்கள். அவர்களைச் சேமித்து, அவர்களுக்கு ரசீது அச்சிட்டு, பிறகு மறுபடி தேடிப் பாருங்கள்.